பண்ணைக்கு நட்டஈடு, பலியானோருக்கு?

மட்டக்களப்பு எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாத வெளிநாட்டுச் சட்ட மாணவர்களும் அம்மண்ணில் பிறந்த ஒரு வழக்கைப் படிக்கிறார்கள். ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ற்ஸ் எதிர் இலங்கை என்பது அதன் பெயர். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு நிலையத்தில், நாடுகளுக்கிடையிலான முதலீட்டு உடன்படிக்கையொன்றை ஆதாரமாக வைத்துத் தீர்க்கப்பட்ட முதல் வழக்கு அதுவே.

1987 ஜனவரி 28 அன்று கொக்கட்டிச்சோலைப் பகுதியில் விசேட அதிரடிப்படை நடவடிக்கையில் இறங்கியது. மகிழடித்தீவு இறால் பண்ணை அன்று அழிந்தது. பண்ணைப் பணியாளர்கள் இருபது பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் நிறுவனம், பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காட்டி எட்டு மில்லியன் டொலருக்கு மேல் கோரியது. 1990 ஜூனில் 460,000 டொலரும் வட்டியும் வழங்குமாறு தீர்ப்பாயிற்று.

பண்ணையை அழித்தவர் யாரென்று நிரூபிக்கப்படவில்லை என்றது நடுவர் மன்றம். ஆனால், சந்தேகத்துக்குரியோரை நிர்வாகத்துடன் பேசி அமைதியாக அகற்றுவது போன்ற முற்காப்புகளை அரசு எடுத்திருக்க வேண்டும் எனவும், அதில் தவறியமையால் பொறுப்பேற்க வேண்டும் எனவும் கூறியது. அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் பணியாளர்கள். நட்டஈடு பெற்றதோ பங்குதாரர். மாண்டவர்களின் குடும்பங்கள் அவ்வழக்கில் தரப்பினர் அல்லர். தரப்பினராகும் வழியும் அச்சட்டத்தில் இல்லை.

"அரசுதானே மக்களின் பிரதிநிதி, பிறகெதற்குத் தனிக்குரல்?" என்று இம்முறைமையின் காவலர்கள் கேட்பார்கள். கொக்கட்டிச்சோலை மக்களுக்காக வாதாடும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்? அதிரடிப்படையை அனுப்பிய அதே அரசிடமா?

அரசும் மக்களும் ஒரே பக்கம் நின்ற வழக்கையும் பார்ப்போம். எல் சல்வடோரின் கபானியாஸ் பகுதியில் தங்கம் அகழ அனுமதி கிடைக்காத பசிபிக் ரிம் நிறுவனம் 2009இல் வழக்குத் தொடுத்தது. சுரங்கத்தை எதிர்த்த மார்செலோ ரிவேரா அதே ஆண்டு கொலையுண்டார். குடிநீரைக் காக்கப் போராடிய அமைப்புகள் மன்றத்துக்கு எழுத்து மூலம் வாதம் சமர்ப்பித்தன. 2016இல் நிறுவனம் தோற்றது; எட்டு மில்லியன் டொலர் வழக்குச் செலவும் அதன் தலையில் விழுந்தது. ஆயினும் அந்த அமைப்புகளின் சட்ட வாதத்தை மன்றம் ஆராயவில்லை. வழக்கின் சாட்சியங்களை அவை பார்த்திருக்கவில்லையாம்! ஆவணங்களைப் பூட்டிவைத்துவிட்டு, ஆவணங்களை அறியாதவர் என்று தள்ளிவைப்பது எந்த ஊர் நியாயம்?

2017இல் அந்நாடு உலோகச் சுரங்கத் தொழிலைத் தடை செய்தது. 2024 டிசம்பரில் அதே நாட்டின் சட்டமன்றம் தடையை நீக்கிவிட்டது. இன்று மக்களோடு நிற்கும் அரசு நாளையும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

2006இல் திருத்தப்பட்ட விதிகள் வெளியாரின் எழுத்து மூலச் சமர்ப்பணத்தை ஏற்க இடமளித்தன. 2022இன் விதிகளும் அதைத் தொடர்கின்றன. ஆனால் ஏற்பதும் மறுப்பதும் மன்றத்தின் விருப்பம். வாசலில் நின்று மனுக் கொடுக்கும் சலுகையை உரிமை என்று அழைக்க முடியாது. நிலமும் நீரும் உயிரும் பாதிக்கப்பட்டோர் ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சியமளிக்கவும், தம் இழப்புக்கு நிவாரணம் கோரவும் உரித்துடைய தரப்பினராக வேண்டும். முதலீட்டாளருக்கு எல்லை தாண்டி வழக்காடும் உரிமையை உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்த அரசுகளுக்கு, இதையும் எழுதுவது இயலாத காரியமன்று.

இச்சட்டத்தின் முதல் தீர்ப்பு எங்கள் மண்ணில் சிந்திய இரத்தத்திலிருந்து எழுந்தது. அதில் பேச முடியாமற்போனவர்களுக்காக இனியேனும் நாம் பேசவேண்டும்.