பழமொழிக்குப் பழமொழி போட்டால் போதுமா?



ஆங்கிலப் பழமொழிக்கு இணையான தமிழ்ப் பழமொழி எழுதுக என்று தேர்வில் கேட்டால் நமக்கெல்லாம் ஒரே குஷிதான். "யூ கான்ட் டீச் அன் ஓல்டு டாக் நியூ ட்ரிக்ஸ்" என்று இருந்தால், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவோம். நானும் எழுதினேன். மார்க்கும் வாங்கினேன். ஆனால் அது எனக்குப் புரியவே இல்லை என்பது வீட்டில்தான் தெரிந்தது.

எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "செல்லுல அத்தை பேரு எதுன்னு காட்டு சாமி, நானே போட்டுப் பேசிக்கிறேன்" என்றார். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் கேட்டார். எரிச்சலில் அந்த ஆங்கிலப் பழமொழியைச் சொன்னேன். "அப்படின்னா?" என்றார். "கிழட்டு நாய்க்குப் புது வித்தை கத்துக்கொடுக்க முடியாதாம்" என்று சிரித்தேன். அப்பாயி சிரிக்கவில்லை. "ஏன் சாமி, நான் நாயா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு செல்லை என்னிடம் நீட்டவே இல்லை.

தப்பு பழமொழியிலா, என்னிடமா என்று யோசித்தேன். இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டில் அச்சான ஓர் உழவு நூலிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. ஆடு மேய்ப்பவனின் நாயைக் குட்டியிலேயே பழக்க வேண்டும், வயதான நாயைப் பழக்குவது கடினம் என்று அதில் வருகிறது. அங்கே அது வசவு இல்லை, நாய் வளர்ப்பவனுக்கு யோசனை. நம் ஊரிலோ ஒருவரை நாய் என்றால் அது வசவுதான். வார்த்தையை மாற்றினேனே தவிர, மனசை மாற்றிச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். "ஐந்தில் வளையாதது" என்பது நம்மைப் போன்ற சின்னப் பிள்ளைகளைப் பார்த்து, "இப்பவே படி" என்று சொல்வது. ஆங்கிலப் பழமொழியோ வயதானவரைப் பார்த்து, "இனி உன்னால் ஆகாது" என்கிறது. கருத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பார்க்கிற ஆள் வேறு.

ஸ்பானிய மொழியில் ஒரு பழமொழி உண்டு. பிசாசுக்கு நிறையத் தெரிவது அது பிசாசு என்பதால் அல்ல, வயதானது என்பதால்தான் என்று அர்த்தம். முதலில் கேட்டால் திட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அனுபவத்துக்குக் கிடைத்த பாராட்டு அது! அதே போல, "மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்" என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால், நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்துப் பார்க்காதவருக்கு என்ன புரியும்?

சரி, பழமொழி சொல்வதெல்லாம் உண்மைதானா? கேரளாவின் கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மதிப்பெண் வாங்கினார். 2020இல் நாரி சக்தி விருதும் பெற்றார். அவரிடம் போய் இந்த நாய்க் கதையைச் சொல்ல யாருக்குத் தைரியம் வந்திருக்கும்?

தேர்வில் இணைப் பழமொழி எழுதுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். "இதை யார், யாரிடம், எப்போது சொல்வார்கள்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். நண்பர்களே, அது தெரியாத பழமொழியைப் பெரியவர்கள்மேல் வீசாதீர்கள். வேற்று மொழி என்பதால் வலிக்காது என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கிடைத்தது இரண்டு மார்க். வலி அப்பாயிக்கு.

போன வாரம் நானே செல்லை எடுத்துக்கொண்டு அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "போடா, நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது அத்தை பெயரின் முதல் எழுத்தை அவரே கண்டுபிடித்துவிடுகிறார். இன்னும் மூன்று பெயர் பாக்கி இருக்கிறது.

சிந்திப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்