சுற்றிச் சுற்றி அதே இடம்

தோழிகளே, இந்த முறை நான் சொல்லப்போகும் ஆங்கில வழக்கு, என் மகளிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது!

ஆறு மாதமாக எனக்கு ஒரே அசதி. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். "டாக்டர்கிட்டே போம்மா" என்பாள் மகள். "உன் பரீட்சை முடியட்டும்டி" என்பேன். அது முடிந்ததும், "நாத்தனார் பெண் கல்யாணம் ஆகட்டும்." அப்புறம், "தீபாவளி போகட்டும்." ஒருநாள் பொறுமை இழந்து, "வீ ஆர் கோயிங் ரவுண்ட் இன் சர்க்கிள்ஸ், அம்மா!" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "வாசப்படி தாண்டாத நானாடி ஊர் சுத்தறேன்?" என்று கேட்டுவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊர் சுற்றுவது இல்லையாம். எவ்வளவு பேசினாலும், பாடுபட்டாலும் கொஞ்சமும் நகராமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். நம் 'சுத்திச் சுத்தி சுப்பர் கொல்லை' மாதிரி! முடிவுக்கு வராத வாக்குவாதத்துக்கும் சொல்லலாம், முடியாமல் இழுக்கும் வேலைக்கும் சொல்லலாம். வேண்டுமென்றே விஷயத்துக்கு வராமல் பேசுவதற்கு, 'பீட்டிங் அரவுண்ட் த புஷ்' என்று வேறு இருக்கிறது.

மனிதர்கள் நிஜமாகவே இப்படிச் சுற்றுவார்களாம். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆராய்ச்சியாளர்கள், பெரிய காடு ஒன்றில் சிலரை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்தவர்களோ, தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்துத் தாங்கள் வந்த வழிக்கே வந்தார்கள்!

எனக்கும் ஒரு சூரியன் தேவைப்பட்டது. மகளே காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து, டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், எனக்கு 8 தான்! மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு. 'நாற்பதைத் தாண்டினா இப்படித்தான்' என்று நானே தீர்மானித்து, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரையோடு காபி, டீ கூடாதாம். இப்போது மாடிப்படி பயமுறுத்துவதில்லை.

உங்கள் வீட்டிலும் "அப்புறம் பார்க்கலாம்" சுற்றிக்கொண்டிருக்கிறதா? இன்றைக்கே காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள், தோழிகளே!