தாடை வீங்கிய ஆட்டுக்கு வேப்பிலை போதுமா?

கேள்வி: ‘‘பத்து ஆடுகள் வளர்க்கிறேன். மழை தொடங்கிய பிறகு இரண்டு ஆடுகள் மெலிந்து, தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கிவிட்டன. குடற்புழு என்று நினைத்து, ஒரு வாரமாக வேப்பிலையும் குப்பைமேனியும் அரைத்துக் கொடுக்கிறேன். வீக்கம் வடியவில்லை. அளவைக் கூட்டலாமா?’’

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: கூட்ட வேண்டாம் அம்மா. கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து, உள்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெள்ளைத்துணி போல வெளுத்திருந்தால், உடம்பில் ரத்தம் இல்லை என்று அர்த்தம். மழைக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம், நான்காவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் நூல் போன்ற உருண்டைப்புழு. ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினமும் சுமார் 50 மில்லி ரத்தம் போகும். ரத்தத்தில் புரதம் குறைவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது.

இந்தக் கட்டத்தில் மூலிகையை நம்பிக் காத்திருந்தால் ஆடு தங்காது. காலையில் போட்ட புதுப் புழுக்கையில் கொஞ்சம் எடுத்து, அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். தட்டைப்புழு இருந்தாலும் தாடை வீங்கும். அதற்கு மருந்து வேறு. ஆட்டின் எடையையும், சினையாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் பச்சிலைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நன்றாக இருக்கும் ஆடுகளில் புழு பெருகாமல் பார்த்துக்கொள்ள அது உதவும். வெள்வேல் இலை, கருவேலங்காய் போன்றவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து புழுக்களின் பெருக்கத்தைக் குறைக்கும். வேம்பு, அகத்தி, வெள்வேல் கிளைகளை ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில், நாலைந்து விரற்கடை உயரத்துக்குள்தான் இருக்கும். அண்ணாந்து தழை தின்னும் ஆட்டுக்கு அவை எட்டாது.

மழைக்காலத்தில் பனி உலர்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள். புல்லை ஒட்ட மேய விடாதீர்கள். புழுக்கையைத் தினமும் கூட்டி எருக்குழியில் போடுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை எல்லா ஆடுகளுக்கும் இமையைப் பாருங்கள். குட்டிகளையும் பால் கொடுக்கும் தாய் ஆடுகளையும் விட்டுவிடாதீர்கள்.