பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்?

லினக்ஸ் பிரியர்கள் தங்கள் கணினித் திரையைப் படமெடுத்துப் பகிரும்போது, வலது ஓரத்தில், கணினியின் நிலையைக் காட்டும் காங்கி என்ற நிரல் அடிக்கடி தென்படும். செயலியின் கோருக்கு ஒரு வரைபடம், நினைவகப் பட்டை, இணைய வேகம், வானிலை, ஓடும் பாட்டின் பெயர். அழகுதான், ஆனால் அதை யார் படிக்கிறார்கள்? டார்ஸ்மோ என்ற நிரலிலிருந்து கிளைத்த காங்கியின் பெருமையே எடை குறைவு என்பதுதான். கர்னல் 'ப்ராக்' அடைவில் வைக்கும் எண்களை எடுத்து எழுதுவதற்குச் செலவு சொற்பம். அமைப்புக் கோப்பில் வெளி ஸ்கிரிப்டுகளைக் கோத்து நொடிக்கொருமுறை ஓடவிட்டாலோ, சுமையைக் காட்ட வந்ததே சுமையாகிவிடும். 'எக்ஸெக்' என்று எழுதினால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கட்டளை ஓடும். 'எக்ஸெக்ஐ' என்றால் இடைவெளியை நாமே குறிக்கலாம். வானிலையை அரைமணிக்கு ஒருதரம் கேட்டால் குடிமுழுகிப் போகாது. நினைவகப் பட்டையும் வீண் பீதி கிளப்பக்கூடியது. சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும். நிரல்கள் கேட்டால் விட்டுக்கொடுக்கும். அந்தச் சேமிப்பைக் கழித்துக் காட்டச் சொல்ல அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். என் கட்சி இதுதான்: எந்த எண்ணைப் பார்த்தால் எழுந்து ஏதாவது செய்வோமோ, அது மட்டும் திரையில் இருக்கட்டும். வட்டில் மிச்சமுள்ள இடம், செயலியின் வெப்பம், நினைவகத்தை அதிகம் தின்னும் மூன்று நிரல்கள், 5 நொடிக்கொரு புதுப்பிப்பு. கோர்வாரி வரைபடங்களை இன்றே நீக்கிவிடலாம். அவற்றைப் பார்த்து யாரும் எதையும் நிறுத்தியதில்லை.