கொம்பு முன்னாடியா பின்னாடியா?

"டிசைன் பண்றது எப்படிடா ஆராய்ச்சி ஆகும்?" போன்ல அப்பா கேக்குற ஒரே கேள்வி இதான். 1993-ல கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 'வடிவமைப்பின் வழியே ஆய்வு'ன்னு ஒரு வகை பிரிச்சார், 2007-ல ஜிம்மர்மேன் குழு அதைக் கணினிப் பக்கம் கொண்டு வந்ததுன்னு ஆரம்பிச்சா, போன் அம்மா கைக்குப் போயிடும் :-)

அதனால மிங்கலா தாங்ஞுன்ட் கதையையே சொல்றேன். எங்க தெரு டீக்கடைக்காரர் தமிழர். கோயில் நன்கொடைப் பட்டியலை அவங்க அப்பா பர்மீஸ்ல தட்டி வெச்சுட்டுப் போயிட்டார். அதுல தேட ஒரு சின்னப் பெட்டி செஞ்சு கொடுத்தேன். முதல்ல அப்பா பேரைத்தான் தட்டினார். இல்லைன்னு வந்துச்சு.

"தம்பி, அவர் கொடுத்தது எனக்குத் தெரியும்பா." முகமே வாடிப்போச்சு.

பட்டியல் இருந்தது பழைய ஸோஜி எழுத்துருவுல. அவர் தட்டினது யூனிகோடு. பர்மீஸ்லயும் நம்ம ஒற்றைக்கொம்பு மாதிரி ஒண்ணு எழுத்துக்கு முன்னாடி நிக்கும். ஸோஜி அதைக் கண்ணுக்குத் தெரியற மாதிரியே முன்னாடி சேமிக்கும். யூனிகோடு மெய்யெழுத்துக்குப் பின்னாடி. அட, நம்ம திஸ்கி காலத்துச் சண்டையேதான்! மியான்மர் யூனிகோடுக்கு அதிகாரபூர்வமா மாறினதே 2019 அக்டோபர் 1-லதான்.

சரி, பட்டியல் மொத்தத்தையும் மாத்திடலாம்னேன். "வேணாம்பா, அப்பா தட்டினது அப்படியே இருக்கட்டும்."

நூறு பேர்கிட்ட கேள்வித்தாள் நீட்டியிருந்தாலும் இந்தப் பதில் எனக்குக் கிடைச்சிருக்காது. தேடுறதுக்கு மட்டும் தனியா ஒரு பிரதியை மாத்தி வெச்சேன். அசலைத் தொடலை.

மறுபடி தட்டினார். நாலு இடத்துல வந்துச்சு. அன்னைக்கு டீக்குக் காசு வாங்கலை.