மனைவிக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?

1) கர்ப்பிணிகள் எல்லோருக்கும் முதல் செக்கப்பிலேயே ரத்தம் எடுக்கிறோம். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்ட்களோட எச்பிஎஸ்ஏஜி-ன்னு ஒரு டெஸ்ட்டும் உண்டு. அது பாசிட்டிவ்னா உடம்புல ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் பெரிய த்ரெட். முழுசா படிங்க.

2) ரிசல்ட் தெரிஞ்சதும் குடும்பத்துல பெரும்பாலும் வர்ற முதல் கேள்வி, "குழந்தையை எப்படிக் காப்பாத்துறது டாக்டர்?" கிடையாது. "இவளுக்கு இது எப்படி வந்துச்சு?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள்ள இருக்கிற சந்தேகம் எங்களுக்கும் புரியும், பக்கத்துல தலைகுனிஞ்சு நிக்கிற அந்தப் பொண்ணுக்கும் புரியும்.

3) சரி, எப்படி வந்திருக்கும்? இந்த வைரஸ் ரத்தம் வழியா, உடலுறவு வழியா, தாயிடமிருந்து குழந்தைக்குன்னு பரவுது. பெரியவங்களுக்குத் தொற்று வந்தா 100-ல 95 பேருக்கு உடம்பே அதை விரட்டிடும். பிறக்கும்போதே வந்தா 10-ல 9 குழந்தைகளுக்கு நிரந்தரமா தங்கிடும்.

இதுலயே பதில் இருக்கு. இன்னிக்கு பாசிட்டிவ்னு வர்ற பெண்கள்ல பலருக்கு இது பிறந்தப்பவோ, விவரம் தெரியாத வயசுலயோ வந்திருக்கும். இந்தத் தடுப்பூசி நாடு முழுக்க அரசுத் திட்டத்துக்கு வந்ததே 2011-லதான். அதுக்கு ரொம்ப முன்னாடி பிறந்த பொண்ணுகிட்ட போய் ஒழுக்கத்துக்குக் கணக்கு கேட்கிறது எந்த ஊர் நியாயம்?

4) இன்னொண்ணு. அவங்களுக்குத் தெரிய வந்ததே கர்ப்பத்துல டெஸ்ட் எடுத்ததாலதான். கணவருக்கு யார் டெஸ்ட் எடுத்தாங்க? எந்த அறிகுறியும் இல்லாம பல வருஷம் வைரஸோட வாழ முடியும். அதனால "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்பது டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் வெறும் நம்பிக்கைதான்.

அவருக்குப் பாசிட்டிவ்னு வந்தாலும் அவரைக் கூண்டுல ஏத்தணும்னு சொல்ல வரல. அவருக்கும் சின்ன வயசுலயே வந்திருக்கலாம். நெகட்டிவ், எதிர்ப்பு சக்தியும் இல்லைன்னா 0, 1, 6 மாசம்னு மூணு ஊசி. வீட்டுல இருக்கிற மத்தவங்களுக்கும் இதேதான். விஷயம் முடிஞ்சது.

5) "தட்டு, டம்ளரைத் தனியா வச்சுட்டோம் டாக்டர்"னு பெருமையா சொல்றாங்க. தேவையே இல்லை. சேர்ந்து சாப்பிடுறதால, கட்டிப்பிடிக்கிறதால, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துறதால இது பரவாது. பிளேடு, ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் தனித்தனியா இருக்கட்டும்.

6) "மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லி குடிச்சா சரியாயிடும்." இந்த நம்பிக்கைக்குப் பின்னாடி சென்னையில நடந்த ஒரு ஆய்வும் உண்டு. 1988-ல லான்செட் இதழ்ல வந்தது. வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் பரிசு வாங்கின பிளம்பெர்க்கும் அதுல ஒரு ஆசிரியர். ஆனா பிறகு வேற இடங்கள்ல செஞ்ச ஆய்வுகள்ல அந்தப் பலன் உறுதியாகல. தவிர, இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கண்ணு மஞ்சளாவே ஆகாது. சத்தமில்லாம இருந்துட்டு 30, 40 வருஷம் கழிச்சு கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்றுநோய்னு வந்து நிக்கும்.

7) இப்ப முக்கியமான விஷயம், குழந்தை. வைரஸ் அதிகமா இருக்கிற தாய்க்கு எதுவுமே செய்யாம விட்டா 10-ல 7 முதல் 9 குழந்தைகளுக்குத் தொற்று போகும். இதை நம்மால பெருமளவு தடுக்க முடியும்:

- தாய்க்கு வைரல் லோடு, கல்லீரல் டெஸ்ட். லோடு 2 லட்சம் யூனிட்டோ அதுக்கு மேலயோ இருந்தா 28-வது வாரத்துல இருந்து டெனோஃபோவிர் மாத்திரை.
- குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் தடுப்பூசி. தாய் பாசிட்டிவ்னா 12 மணி நேரத்துக்குள்ள போட்டுடறது நல்லது. அதே நேரத்துல இன்னொரு தொடையில இம்யூனோகுளோபுலின் ஊசி.
- பிறகு 6, 10, 14 வாரத்துல போடுற பென்டாவேலன்ட் ஊசியிலயே இதுவும் இருக்கு. ஒண்ணையும் விடக்கூடாது.
- 9 மாசத்துக்கு மேல குழந்தைக்கு ஒரு ரத்த டெஸ்ட்.

8) "பச்சை உடம்பு, ஊசி தாங்குமா? ராகு காலம் முடியட்டும், பெரியவர் வந்து பார்க்கட்டும்..." வைரஸ் நல்ல நேரம் பார்க்காது. தள்ளிப்போடுற ஒவ்வொரு மணி நேரமும் ஊசியோட பலன் குறைஞ்சுட்டே போகும்.

9) தாய்ப்பால் கொடுக்கலாமா? தாராளமா. ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலால ஆபத்து இல்லை. காம்புல வெடிப்பு, ரத்தக்கசிவு இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த ஒரு காரணத்துக்காக சிசேரியனும் வேண்டாம்.

10) இப்ப என் துறைக்கும் சேர்த்தே சொல்றேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல கேஸ் ஷீட் மேல சிவப்பு மையில பெரிசா எழுதி, படுக்கையில எல்லோருக்கும் தெரியுற மாதிரி வச்சிருப்பாங்க. பக்கத்து பெட் அட்டெண்டர் வரைக்கும் படிப்பாங்க. பாதுகாப்புக்காகவாம். கிளவுஸ், ஊசியைச் சரியா அப்புறப்படுத்துறது எல்லாம் எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டியது. ரிசல்ட் தெரியாதவங்ககிட்ட இருந்தும் தொற்று வரும்தானே? நமக்குத் தேவை மூணு டோஸ் தடுப்பூசி. அந்தப் பொண்ணோட மானம் இல்லை.

எச்ஐவி உள்ளவங்களோட ரகசியத்தைக் காக்க 2017-ல தனிச் சட்டமே வந்தது. ஹெபடைடிஸ் பி-க்கு அப்படி ஒண்ணு இல்லை. வரணும். அதுவரைக்கும், ரிசல்ட்டை முதல்ல அந்தப் பெண்கிட்ட தனியா சொல்லுங்க. வேற யாருக்குச் சொல்லணும்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

11) கடைசியா, நாம எல்லோரும் மறக்கிற ஆள் அந்த அம்மா. குழந்தைக்கு ஊசி போட சரியா வருவாங்க. தனக்காக மட்டும் வரமாட்டாங்க. பிரசவத்தோட அவங்க நோய் முடிஞ்சுடாது. டாக்டர் சொல்ற இடைவெளியில, வழக்கமா 6 மாசத்துக்கு ஒருமுறை, கல்லீரல் டெஸ்ட் தொடரணும். மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாது. 2018-ல தொடங்கின தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டத்துல டெஸ்ட், மாத்திரை, குழந்தைக்கான இம்யூனோகுளோபுலின் எல்லாம் இலவசம். பக்கத்துல இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில கேளுங்க.

12) அப்பாவாகப் போற சகோதரர்களே, அடுத்த செக்கப்புக்கு மனைவியோட நீங்களும் வாங்க. வெளியில பைக் மேல உட்கார்ந்திருக்க வேண்டாம். உள்ள வந்து நீங்களும் ரத்தம் கொடுங்க. அதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.