இறாலுக்குச் சோதனை உண்டு, கைகளுக்கு?

"கடலே இல்லாத பேகம்பூரில் உட்கார்ந்துகொண்டு இறாலைப் பற்றி ஏன் பேசணும்?" என்று தம்பி ஒருவர் கேட்டார். ஐஸ் பெட்டியில் வந்திறங்கும் இறாலைத் தோலுரித்து, குடல் எடுத்து, கழுவித் தரும் கைகள் யாருடையவை தோழர்களே? அங்கிருந்து தொடங்குவோம்.

பண்ணைக் குட்டையில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டினால் மருந்துக்கு அடங்கும் கிருமி சாகும், அடங்காதது பெருகும். ஆஸ்பத்திரிச் சாக்கடை கடலில் கலந்தாலும் ஆபத்து அதேதான். தண்ணீரை வடிகட்டி உண்ணும் மட்டியிலும் சிப்பியிலும் அந்தக் கிருமிகள் சேர்கின்றன. நன்றாக வேகவைத்தால் அவை செத்துவிடும். ஆக, தின்பவருக்கு வழி இருக்கிறது. பச்சையாகத் தொடுபவருக்கு? இறால் கொம்பு கிழித்த விரலுக்கு? 2013 சட்டத்தையும் மீறிச் சாக்கடைக்குள் இறக்கப்படும் அருந்ததியர் உடலுக்கு?

ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் இந்தியப் பண்ணை இறால் சரக்கில் சோதனை அளவை 10 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. அதுவும் மருந்து எச்சத்துக்கான சோதனைதான். தின்பவரின் தட்டுக்கு அந்தக் காவல். உரிப்பவரின் கைக்கு ஓர் உறைகூட இல்லை.

இது புதுக்கதை அல்ல. 1990-களில் நாகை வயல்கள் இறால் குட்டைகளானபோது, நாற்று நட்ட தலித் பெண்கள் கூலியை இழந்தார்கள், குடிநீர் உப்பானது. நம் திண்டுக்கல் மண்ணில் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்களோடு களத்தில் நின்றார். அவரது இணையர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த வணிகப் பண்ணைகளை அகற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது.

அதே 1996 ஆகஸ்டில் தோல் தொழிற்சாலை வழக்கிலும் "மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்" என்றது அதே நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லும் உண்டு. இப்போது சொல்லுங்கள் தம்பி, இது கடலோரப் பிரச்சினை மட்டுமா?

"இறாலைத் தவிர்ப்போம்" என்பது வசதியானவர்களின் தீர்வு. உரிக்கும் அக்காவுக்குக் கூலி போகும். குட்டை முதலாளிக்கு ஏற்றுமதி இருக்கும். நாம் கேட்பது வேறு. உரிப்பவருக்குக் கையுறையும் குழாய்த் தண்ணீரும் வேண்டும். ஆறாத புண்ணோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் கல்ச்சர் டெஸ்ட் எடுத்துப் பார்த்தே மருந்து தர வேண்டும். செலவை மருந்தைக் கொட்டியவர் ஏற்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: நம் சந்தைக்கு வரும் இறாலில் கடந்த ஆண்டு எத்தனை மாதிரி எடுத்தார்கள், எதற்காகச் சோதித்தார்கள்? வரும் பதிலோடு சந்திப்போம்.